வாயைத் திறந்தால் 'டக்', காதோரம் குடைச்சல்: தாடை மூட்டு பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வாயைத் திறக்கும்போது இடது காதுப் பக்கம் 'டக்'குனு சத்தம் கேக்கு. ரெண்டு வருசமா இருக்கு, வலி கிடையாது. 'எலும்பு தேயுது, உடனே பாரு'ன்னு மதினி பயமுறுத்துதா. பாக்கணுமா, டாக்டர்? (அம்பாசமுத்திரம்)

பதில்: காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் உருண்டு ஓடுவது கீழ்த்தாடையின் குமிழ். அது மண்டையோட்டில் உள்ள ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு எலும்புக்கும் நடுவில் மெல்லிய குருத்துத் தட்டு ஒன்று உண்டு. வாய் திறக்கத் தொடங்கும்போது குமிழ் இருந்த இடத்திலேயே சுழலும். மேலும் திறந்தால் தட்டையும் கூட்டிக்கொண்டு முன்னால் சறுக்கும். தட்டு கொஞ்சம் முன்னே நழுவியிருந்தால், குமிழ் அதன் விளிம்பைத் தாண்டி ஏறும்போது 'டக்' கேட்கும். எலும்பு தேய்கிற சத்தம் அதுவல்ல. தேய்மானம் இருந்தால் மணலை மிதித்தாற்போல 'நறநற'வென்று கேட்கும்.

உங்கள் நடு மூன்று விரல்களையும் அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் செங்குத்தாக வைத்துப் பாருங்கள். அவை நுழைந்தால் வாய் போதுமான அளவு திறக்கிறது (பெரியவர்களுக்கு 40 முதல் 55 மி.மீ. வரை இருக்கும்). வலியும் இல்லை, பூட்டிக்கொள்வதும் இல்லை என்றால் வெறும் சத்தத்துக்கு வைத்தியம் வேண்டாம். அடிக்கடி சொடுக்கிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பத்து வருசமா பீடி சுத்துதேன். ஆறு மாசமா காதுக்குள்ள குடைச்சல், பொட்டுல வலி. காலைல எந்திரிச்சா தாடை இறுகிப்போயிருக்கு. காது டாக்டர் காது நல்லா இருக்குங்காரு, பல் டாக்டர் பல் நல்லா இருக்குங்காரு. அப்ப வலி எங்கேருந்துதான் வருது? (முக்கூடல்)

பதில்: பெரும்பாலும் தசையிலிருந்து வரும், அம்மா. பல்லைக் கடித்தால் கன்னத்தில் ஒரு தசை புடைக்கும், நெற்றிப்பொட்டில் இன்னொன்று புடைக்கும். இரண்டையும் விரலால் சுமார் 1 கிலோ எடைக்கு அழுத்தி ஐந்து விநாடி வைத்திருங்கள். (அந்த அழுத்தம் எவ்வளவு என்று தெரிய, தராசுத் தட்டை ஒரு முறை விரலால் அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.) உங்களுக்குப் பழகிய அதே வலி காதுக்கோ பொட்டுக்கோ கிளம்பினால் இடம் அகப்பட்டுவிட்டது.

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் மட்டும்தான் முட்ட வேண்டும். நாள் முழுக்கக் கூட்டினாலும் அது அரைமணி நேரம்கூட வராது. மற்ற நேரமெல்லாம் 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். மடியில் தட்டை வைத்துக் குனிந்து, கவனமாகக் கைவேலை செய்கிறவர்கள் தங்களை அறியாமலே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவர்களுக்குக் காலையில் இறுக்கம் கூடுதலாக இருக்கும்.

முதல் மருந்து அந்தக் கடிப்பை நிறுத்துவது. உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொட்டிருக்கட்டும். ஒவ்வொரு கட்டு கட்டி முடிக்கும்போதும் 'பல் முட்டுதா?' என்று பார்த்து விலக்குங்கள். நாளைக்கு இத்தனை கட்டு என்றால் அத்தனை தடவை ஞாபகம் வரும். இதைவிட நல்ல கடிகாரம் கிடையாது.

வெந்நீரில் பிழிந்த துண்டால் காலையும் இரவும் 15–20 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். அது முடிந்ததும், நாக்கை அண்ணத்தில் ஒட்டியபடி, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். ஒரு வேளைக்கு ஆறு தடவை, நாளைக்கு ஐந்தாறு வேளை. வலி வருமளவுக்கு இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் இடியாப்பம், குழையச் சமைத்த சோறும் சொதியும் போல மென்மையாகச் சாப்பிடுங்கள். சீடை, கரும்பு, கடலைமிட்டாய் வேண்டாம். அதற்காகக் கஞ்சியாகவே குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தால் தசை இன்னும் வலுவிழக்கும்.

வலி கடுமையாக இருந்தால் ஐபுப்ரோஃபென் 400 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் நாளைக்கு மூன்று வேளை, ஒரு வாரம் வரை மருத்துவர் எழுதுவார். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

ஆறு வாரத்தில் குறையாவிட்டால் இரவில் போடும் பல் உறையைப் பற்றிப் பேசலாம். பல்லை அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் உறைதான் நல்லது. எல்லாப் பல்லையும் மூட வேண்டும், கடித்தால் எதிர்ப் பற்கள் எல்லாம் ஒரே சீராகப் படிய வேண்டும். முன்பற்களை மட்டும் மூடுகிற உறையை மாதக்கணக்கில் போட்டால் கடவாய்ப் பற்கள் எழும்பி, கடி மாறிவிடும். ரெடிமேடு ரப்பர் உறையைப் போட்டுக்கொண்டு சிலர் இன்னும் ஓங்கிக் கடிக்கிறார்கள்.

'கடி சரியில்லை, அதனால்தான் வலி' என்று நல்ல பற்களைச் சீவவோ, வரிசையாக நிரந்தர உறை (கேப்) மாட்டவோ, கம்பி கட்டவோ யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த வலிக்கு அது தேவையில்லை, சீவின பல் திரும்ப வளராது. உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு மேலே சொன்ன எளிய வழிகளே போதும். ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

கேள்வி: பொங்கலுக்கு ரெண்டு நாளு நல்லா பனங்கிழங்கு கடிச்சேன். மூணாம் நாள் காலைல இருந்து ரெண்டு விரலுக்கு மேல வாய் திறக்கல. முன்னால 'டக்'னு கேட்டுக்கிட்டிருந்த சத்தமும் நின்னுபோச்சு. (திசையன்விளை)

பதில்: சத்தம் நின்றதுதான் முக்கியமான அடையாளம். நழுவின தட்டு குமிழுக்கு முன்னால் அடைத்துக்கொண்டது, குமிழால் தாண்ட முடியவில்லை. வாயைத் திறக்கும்போது நாடி (முகவாய்), வலிக்கிற பக்கமாகவே கோணும். பனங்கிழங்கின் நாரை ஒரே பக்கக் கடவாயில் போட்டு மணிக்கணக்கில் மென்றால் முன்பே தளர்ந்த தட்டு இப்படி மாட்டிக்கொள்ளலாம்.

சுளுக்கு எடுக்கிறவரிடம் போய்த் தாடையை வெட்டி இழுக்க விடாதீர்கள். இந்த வாரமே வாய், தாடை, முக அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாகப் பூட்டினதைக் கையால் விடுவிக்க வாய்ப்பு அதிகம், நாளாக ஆகக் குறையும். அது முடியாவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, மூட்டுக்குள் இரண்டு ஊசிகள் செருகி, ஒன்றின் வழியே ரிங்கர் லாக்டேட் திரவத்தைச் செலுத்தி மற்றொன்றின் வழியே வெளியேற்றிக் கழுவுவார்கள். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். கடவாய்ப் பக்கம் ஞானப்பல் முளைத்து ஈறு வீங்கியிருந்தாலும் வாய் திறக்காது என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்க தாத்தா கொட்டாவி விட்டதும் வாய் மூட மாட்டேங்கு. இதுக்கு முன்னால ரெண்டு தடவை இப்படி ஆயிருக்கு. வீட்டிலேயே போட்டுவிடலாமா? (களக்காடு)

பதில்: வேண்டாம். குமிழ் குழியை விட்டு முன்மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. அதைக் கீழே அழுத்தி, பிறகுதான் பின்னால் தள்ள வேண்டும். நேராகப் பின்னால் தள்ளினால் மேட்டில் முட்டி நிற்கும். 'டக்'கென்று உள்ளே விழுகிற நொடியில் பல் உள்ளவர், அழுத்துகிறவரின் கட்டைவிரலைக் கடித்துவிடுவார். தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறும். துண்டை நாடியோடு தாங்கிப் பிடித்து உடனே கூட்டிப்போங்கள். இரவானால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு போல எப்போதும் திறந்திருக்கிற இடத்துக்குப் போகலாம். தாமதிக்கத் தாமதிக்கத் தசை இறுகி, மயக்க மருந்து தேவைப்படும்.

சரியான பிறகு மூன்று வாரம் இரண்டு விரலுக்கு மேல் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே முஷ்டியை முட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். வாந்திக்கோ மனநோய்க்கோ சாப்பிடும் சில மாத்திரைகளாலும் தாடை இழுத்துக்கொள்ளும். மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: மகனுக்கு ஆறு வயசு. சைக்கிள்ல இருந்து விழுந்து நாடி கிழிஞ்சு தையல் போட்டாச்சு. இப்போ வாய் முழுசா திறக்க மாட்டேங்கான். (சங்கரன்கோவில்)

பதில்: இதைத் தள்ளிப்போடவே கூடாது. நாடியில் விழுகிற அடி மேலே ஏறிக் குமிழின் கழுத்தை முறிக்கும். நாடித் தையலோடு கதை முடிந்தது என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. வாய் திறக்கையில் நாடி ஒரு பக்கம் கோணுகிறதா, கடவாய்ப் பல் மட்டும் முட்டி முன்பல் விலகி நிற்கிறதா, காதில் ரத்தம் வந்ததா என்று பாருங்கள். தாடை முழுவதும் தெரியும் எக்ஸ்ரேயோ, தேவைப்பட்டால் சிடி ஸ்கேனோ எடுக்க வேண்டும்.

இந்த வயதில் பெரும்பாலும் அறுவை வேண்டியிருக்காது. கட்டிவைத்தாலும் ஏழு முதல் பத்து நாளுக்கு மேல் கட்டக் கூடாது. அதன்பின் தினமும் வாய் திறக்கும் பயிற்சி கட்டாயம். 'வலிக்குது, விடுங்க' என்று குழந்தையைச் சும்மா விட்டால் குமிழும் குழியும் எலும்பாகவே ஒட்டிப்போகும். பிறகு வாயும் திறக்காது, அந்தப் பக்கத் தாடையும் வளராது. வளர்ச்சி முடிகிறவரை வருடாவருடம் காட்டுங்கள்.

கேள்வி: பாக்கு போடுத பழக்கம் உண்டு. வாய் வரவரச் சுருங்குது, காரம் பட்டா எரியுது. தாடை மூட்டுதானே? (ஏர்வாடி)

பதில்: இல்லை. பாக்கினால் கன்னத்தின் உட்தோல் நார் பாய்ந்து இறுகியிருக்கிறது. உள்ளே வெளிறிக் கயிறு போலத் தட்டுப்படும். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. இன்றே நிறுத்துங்கள். வெற்றிலையோடு போட்டாலும் பாக்கு பாக்குதான். இந்த மாதத்துக்குள் வாய் மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயசு 58, சுகர் உண்டு. குறுக்குத்துறையில குளிச்சிட்டுப் படி ஏறும்போது ரெண்டு தாடையும் வலிக்கு. உக்காந்தா அஞ்சு நிமிசத்துல போயிருது. மெல்லும்போது வலி இல்ல. (திருநெல்வேலி டவுண்)

பதில்: அண்ணாச்சி, மெல்லும்போது வராமல் படியேறும்போது வருகிற தாடை வலியை இதய வலியாகத்தான் முதலில் நினைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே இப்படி வரலாம். பல் டாக்டரிடம் போக வேண்டாம், இன்றே இதய மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈசிஜி சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். ஏறும்போது வலிக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உட்கார்ந்தும் வலி போகவில்லை, வியர்க்கிறது என்றால் வண்டி ஓட்டிப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.