நின்று பிடித்தவர்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் பீட்டர் ஷில்டனைப் பெரிய கோல்கீப்பர் என்று எழுதியிருந்தீர்கள். 185 செ.மீ. உயரமுள்ளவர், கையையும் பயன்படுத்தலாம், 1986 உலகக்கோப்பையில் 165 செ.மீ. மாரடோனாவிடம் உயரப் பந்தை எப்படி இழந்தார்? 1990 உலகக்கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியின் நான்கு பெனால்டிகளில் ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை. 125 சர்வதேச ஆட்டங்கள் ஆடிவிட்டால் போதுமா? அதே காலத்து இங்கிலாந்து கீப்பர் ரே கிளெமென்ஸ்தான் மேல் என்று எனக்குப் படுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாரடோனா கையால் தட்டினார். அதோடு அந்தப் பேச்சை விடுங்கள். கிளெமென்ஸா ஷில்டனா என்று இங்கிலாந்துப் பயிற்சியாளர் ரான் கிரீன்வுட்டாலேயே முடிவுசெய்ய முடியவில்லை. இருவரையும் மாற்றி மாற்றி இறக்கினார். அந்த வழக்குக்கு நான் வரவில்லை.

பெனால்டி விஷயத்தில் உங்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். முடிவை மட்டும் பார்த்துவிட்டு எழுதிய வரி அது. பிரெமெ, மத்தேயஸ், ரீட்லே, தோன் நால்வர் அடித்தபோதும் ஷில்டன் சரியான பக்கம்தான் விழுந்தார். விழுந்த நேரம்தான் பிந்தியது. 11 மீட்டரிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் பந்து கோட்டைக் கடக்க 0.4 நொடி. பார்த்து உடல் அசையத் தொடங்கவே அதில் ஏறக்குறைய பாதி போய்விடும். மிச்ச நேரத்தில் 3.66 மீட்டர் தள்ளியிருக்கும் கம்பத்தோரம் கை போய்ச்சேராது. அதனால்தான் மற்றவர்கள் முன்கூட்டியே ஒரு பக்கம் பாய்கிறார்கள். பந்தை அடிக்கும்வரை கீப்பர் பாதத்தை அசைக்கக்கூடாது என்பது அன்றைய விதி. ஷில்டன் அசைக்கவில்லை.

அது தயக்கமல்ல, 24 வருடப் பழக்கம். எதிராளி 16 மீட்டரில் நேரெதிரே பந்தோடு நிற்கிறார் என்று வையுங்கள். கோட்டிலேயே நின்றால் காக்க வேண்டிய அகலம் 7.32 மீட்டர். 4 மீட்டர் முன்னேறினால் 5.49 ஆகச் சுருங்கிவிடும். ஆனால் அந்த 4 மீட்டரையும் அடிக்கு முன்பே நடந்து முடித்திருக்க வேண்டும். அடிக்கும் கணத்தில் பாதங்கள் தோளகலத்தில், எடை முன்பாதத்தில், கைகள் இடுப்புயரத்தில் உடலுக்கு முன்னால், தலை ஆடாமல். ஓடிக்கொண்டிருந்தால் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும். உந்திப் பாய அந்தக் கால் உதவாது. முன்பே படுத்துவிட்டால் பந்து தலைக்கு மேல் போகும். சரியாக நின்றுவிட்டாலோ பறந்து தொட வேண்டிய பல பந்துகள் நெஞ்சுக்கே வந்துசேரும். பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காததுபோல இருக்கும். 1977இல் பயிற்சியாளர் பிரையன் கிளஃப் ஷில்டனைத் தன் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு வாங்கினார். அந்தப் பருவத்தில் 42 லீக் ஆட்டங்களில் ஃபாரஸ்ட் விட்டது 24 கோல். லீக் பட்டமும் வந்தது.

நீங்கள் குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் 1973 அக்டோபர் 17ஐச் சொல்லியிருக்க வேண்டும். லண்டனின் வெம்ப்ளி மைதானம், எதிரணி போலந்து. வென்றால்தான் இங்கிலாந்து உலகக்கோப்பைக்கே போக முடியும். இங்கிலாந்து ஓயாமல் தாக்கியது. ஷில்டனுக்கு வேலையே இல்லை. அப்படிச் சும்மா நிற்பதுதான் கீப்பருக்கு மோசமான இரவு. 57ஆம் நிமிடம் இங்கிலாந்தின் ஹண்டர் எல்லைக்கோட்டருகே பந்தைப் பறிகொடுத்தார். போலந்தின் லாட்டோ கொண்டோடி சக ஆட்டக்காரர் டொமார்ஸ்கிக்குத் தந்தார். தாழ்வான அடி. ஷில்டனின் உடலுக்கு அடியில் புகுந்து போனது.

காலருகே தாழ்ந்து வரும் பந்துதான் உயரமான கீப்பருக்குக் கொடியது. உடல் எடை அந்தக் காலின் மேல்தான் நிற்கும். முழங்காலை மடக்கி அந்தக் காலை விலக்கினால்தான் இடுப்பு தரைக்கு இறங்கும். பந்தைத் தள்ளிவிட ஒரு கை போனால் போதும். பிடிக்க வேண்டுமென்றால் ஒரு கை பந்தின் பின்னால், இன்னொன்று மேலே, அடியில் தரை. மூன்று பக்கமும் அடைபட இரு தோள்களும் இறங்கியாக வேண்டும். அதற்கு ஆகும் அந்தச் சிறு நேரத்தில் பந்து நழுவிவிடும். தள்ளியிருக்கலாம், அவர் பிடிக்கப் பார்த்தார். பிடித்து உடனே எறிந்தால் தாக்குதலைத் தொடரலாம். குறையே இல்லாத தடுப்பை முயன்றதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஆட்டம் 1–1. இங்கிலாந்து வெளியே. அவருக்கு அப்போது 24 வயது. அந்தப் பையன் எழுந்து வலையிலிருந்து பந்தை எடுப்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆர். மாரடோனாவின் கைதான் இருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகும் 17 வருடம் அவர் நாட்டுக்காக நின்றார். 1996 டிசம்பர் 22 அன்று, 47 வயதில், லேட்டன் ஓரியன்டுக்காகத் தன் 1000ஆவது லீக் ஆட்டத்தை பிரைட்டனுக்கு எதிராக ஆடினார். ஓரியன்ட் 2–0. அன்று அவரைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை.