பாயாத கோல்கீப்பர் - கடிதம்

அன்புள்ள அண்ணா,

அந்தக் காலத்து இங்கிலாந்து ஃபுட்பால்ல குண்டு கோல்கீப்பரா இருந்த ஃபேட்டி ஃபோக் பத்தி நீங்க எழுதுனதைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்த உடம்போட, 1902 எஃப்ஏ கப் ஃபைனல் முடிஞ்சு ஒட்டுத்துணி இல்லாம ரெஃப்ரியைத் துரத்துனாராமே! ஆனா கடைசில "அந்தக் காலத்து பெஸ்ட் கீப்பர் சாம் ஹார்டிதான்"னு ஒத்த வரில முடிச்சுட்டீங்க. அப்படி என்னதான் பண்ணாரு அவரு?

சிவா

அன்புள்ள சிவா,

ஹார்டிகிட்ட சிரிக்கிற மாதிரி கதை எதுவும் கிடையாது, அதான் யாருக்கும் தெரியல. செஸ்டர்ஃபீல்டுக்காரர். 1905ல லிவர்பூல் அப்பதான் ரெண்டாவது டிவிஷன்லேர்ந்து மேல வந்திருக்கு, சீசன் ஆரம்பத்துலயே சரமாரியா கோல் வாங்குறாங்க, கீப்பர் நெட் டோய்குக்கு நாப்பதை நெருங்குற வயசு, உடனே மேனேஜர் டாம் வாட்சன் ஹார்டியைத் தூக்கிட்டு வந்தாரு, அந்த சீசனே லீக் சாம்பியன்! இவர் ஒருத்தரால மட்டும்னு சொல்ல மாட்டேன், ஆனா பின்னாடி இருந்த ஓட்டை அடைபட்டுச்சு.

அவரோட விசேஷம் என்னன்னா, டைவ் அடிக்கிறது ரொம்ப குறைவு. ஃபார்வர்டு பந்தோட வரும்போதே ரெண்டு எட்டு முன்னாடி, ஒரு எட்டு பக்கவாட்டுலன்னு நகர்ந்து ஆங்கிளை அடைச்சுடுவாரு, அடிக்கிறவனுக்கு கோல் சின்னதாயிடும், பந்து நேரா இவர் நெஞ்சுக்கே வரும். பாக்குறவங்களுக்கு "என்னடா, கீப்பர் கையிலயே அடிக்கிறான்"னு அடிச்சவன் மேலதான் கோவம் வரும். ஆனா எதிர்ல ஆடுனவங்களுக்குத் தெரியும், சண்டர்லாண்ட் ஃபார்வர்டு சார்லி பக்கன் தான் பாத்த கீப்பர்கள்லயே ஹார்டிதான் டாப்னு சொன்னவரு.

இதுல இன்னொண்ணும் இருக்கு. 1912 வரைக்கும் கீப்பர் தன்னோட பாதி மைதானம் முழுக்க பந்தைக் கையால தொடலாம், தூக்கிட்டு ஓடத்தான் கூடாது. வேல்ஸ் கீப்பர் ரூஸ் பந்தைத் தரையில தட்டித் தட்டியே ஹாஃப்வே லைன் வரைக்கும் போயிடுவாரு. அப்புறம் கை பெனால்டி ஏரியாவுக்குள்ள மட்டும்தான்னு ரூல் வந்துச்சு. ஹார்டிக்கு அதனால பெருசா எந்த நஷ்டமும் வந்திருக்காதுன்னு எனக்குத் தோணுது, அவர் பொழப்பே கோலுக்குப் பக்கத்துலதானே. இத்தனைக்கும் அப்ப கீப்பர் பந்தைப் பிடிச்சிருக்கும்போதே தோளால முட்டி உள்ள தள்ளலாம், அதுக்கு ஃபவுல் கிடையாது. மழையில ஊறுன லெதர் பந்து வேற!

அதே 1912லதான் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனாரு. 1913 கப் ஃபைனல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்துல, எதிர்ல பக்கனோட சண்டர்லாண்ட், ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் கூட்டம். நடுவுல ஹார்டிக்கு அடிபட்டு வெளிய போக வேண்டியதாச்சு, சப்ஸ்டிடியூட்ங்கிற பேச்சே கிடையாது, நடுவுல ஆடுற சென்டர் ஹாஃப் ஜிம்மி ஹாரப் கோல்ல நின்னாரு. ஹார்டி திரும்பி வந்து ஆடுனாரு, வில்லா 1-0ல கப் அடிச்சாங்க.

அப்புறம் உலகப்போர், 1915லேர்ந்து 1919 வரைக்கும் லீக்கே நடக்கல. ஒரு கீப்பருக்கு முப்பதைத் தாண்டின அந்த நாலு வருஷம்தான் தங்கம், அது அப்படியே போச்சு, இதை நினைச்சாதான் எனக்கு வயித்தெரிச்சல். ஆனாலும் மனுஷன் திரும்பி வந்து 1920ல மறுபடி வில்லாவோட கப், மறுபடி 1-0. இங்கிலாந்துக்கு 1907லேர்ந்து 1920 வரைக்கும் 21 மேட்ச், வருஷத்துக்கு மூணு நாலு இன்டர்நேஷனல் நடந்தாலே பெருசுங்கிற காலத்துல. ஃபோக் ஆடுனது ஒண்ணே ஒண்ணு. அப்புறமும் வீட்ல உக்காரல, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் போயி 1922ல அவங்க ரெண்டாவது டிவிஷன் ஜெயிச்சப்பவும் இவர்தான் கீப்பர்.

கதை சொல்ல ஃபோக்தான், ஒத்துக்குறேன். என் டீம்ல கோல்ல நிக்க ஆள் வேணும்னா யோசிக்காம ஹார்டி. இங்கிலாந்து கீப்பர் கார்டன் பேங்க்ஸ் கிளப் ஃபுட்பால் ஆரம்பிச்சது செஸ்டர்ஃபீல்டுலதான், ஆர்சனல் கீப்பர் பாப் வில்சன் பிறந்த ஊரும் அதுதான், அந்த ஊர் கீப்பர்கள் பத்தித் தனியா எழுதுறேன்.