பழைய அமெரிக்கக் கணக்கெடுப்பு ஏடுகளில் ஒரு முன்னோடிக் குடும்பத்தைத் தேடுதல்: கேள்வி பதில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து ஓஹையோ, ஐயோவா, கேன்சஸ் என மேற்கு நோக்கிப் போய்க் குடியமர்ந்த குடும்பங்களைப் பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்துள்ளன. கேட்டவர்களில் பலர் அங்கே வாழும் தமிழர்கள். வாழ்க்கைத் துணையின் முன்னோரைத் தங்கள் பிள்ளைகளுக்காகத் தேடுகிறவர்கள். ஒரே பொருள் பற்றிய கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கொலம்பஸ், ஓஹையோ): என் கணவருடைய முன்னோர் ஒருவர் 1815ஆம் ஆண்டு வாக்கில் பென்சில்வேனியாவிலிருந்து ஓஹையோவுக்கு வந்து காடு திருத்திப் பயிர் செய்தவர் என்று மாமியார் சொல்வார். பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாது. 1820 கணக்கெடுப்பில் அதே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். எங்களவர் யார் என்று எப்படி அறிவது?

பதில்: 1820இல் தொடங்கினால் அதை அறிய வழியே இல்லை. உங்கள் மாமியாருடைய பெற்றோரிலிருந்து தொடங்குங்கள். தனிநபர் விவரம் உள்ள கணக்கெடுப்பு ஏடுகள் அந்நாட்டில் 72 ஆண்டுகள் கழிந்த பின்னரே பொதுப் பார்வைக்கு வருகின்றன. 1950ஆம் ஆண்டின் ஏடுகள் 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டன. அதில் கணவரின் தாத்தாவைக் கண்டுபிடியுங்கள். பிறகு அவர் தம் பெற்றோர் வீட்டில் சிறுவனாக இருக்கும் ஏட்டுக்குப் போங்கள். அங்கிருந்து அவருடைய தந்தை சிறுவனாக இருக்கும் ஏட்டுக்கு. இப்படி ஒவ்வொரு தலைமுறையையும் அதற்கு முந்தைய வீட்டோடு இணைத்துக்கொண்டே 1850 வரை வந்தால், நீங்கள் தேடுகிறவர் எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது), எந்த டவுன்ஷிப்பில் (கவுண்டியின் உட்பிரிவு), யார் யாருக்குப் பக்கத்தில் வாழ்ந்தார் என்பது கையில் இருக்கும். அதன் பிறகு 1820இன் மூவரில் இருவர் தாமாகவே விலகிவிடுவர். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று இணையதளத்தில் இந்த ஏடுகளின் படங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பெயருக்குப் பின்னால் ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்று இருந்தால் தந்தை, மகன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக் காட்டவும் அப்படி எழுதினார்கள். அவர்கள் பெரியப்பாவும் தம்பி மகனுமாக இருக்கலாம். உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம்.

கேள்வி (டேட்டன், ஓஹையோ): 1820, 1830, 1840 ஏடுகளில் குடும்பத் தலைவரின் பெயருக்கு எதிரே வெறும் எண்கள்தாம் உள்ளன. இவற்றால் என்ன பயன்?

பதில்: மிகுந்த பயன் உண்டு. 1790 முதல் 1840 வரை எடுத்த ஆறு கணக்கெடுப்புகளிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றவர்கள் ஆண், பெண், வயதுப் பிரிவு என்ற கட்டங்களில் எண்ணிக்கையாக நின்றார்கள். ஓஹையோவைப் பொறுத்தவரை 1800, 1810 ஏடுகள் ஏறத்தாழ முழுவதும் தொலைந்துவிட்டதால் அக்காலத்துக்கு வரிப்பட்டியல்களையே நம்ப வேண்டும். 1820இலிருந்து எண்களைப் படிக்கலாம்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1820இல் அவர் 26 முதல் 45 வயதுக்குட்பட்டோர் கட்டத்தில் இருக்கிறார். அப்படியானால் 1775க்கும் 1794க்கும் இடையில் பிறந்தவர். 1830இல் 30 முதல் 40 வயதுக்குட்பட்டோர் கட்டத்தில் இருக்கிறார். அது 1790க்கும் 1800க்கும் இடைப்பட்ட பிறப்பு. இரண்டும் பொருந்தும் காலம் 1790 முதல் 1794 வரைதான். 1850இல் அதே கவுண்டியில் 58 வயது என்று எழுதிய அதே பெயர்க்காரர் இருந்தால், அவர் பிறப்பு 1791 அல்லது 1792 ஆகிறது, கணக்கு ஒத்து வருகிறது. 49 வயதுக்காரர் ஒருவரும் இருந்தால் அவரைத் தள்ளிவிடலாம். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இப்படிச் செய்து, பத்தாண்டுக்கு ஒரு வரிசையாகத் தாளில் எழுதிப் பாருங்கள். பெயரில்லாத பிள்ளைகள் வளர்வதும், வீட்டை விட்டுப் போவதும், புதிதாக ஒரு முதிய பெண் வந்து சேர்வதும் தெரியும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. 1820 ஏட்டில் 16 முதல் 18 வயது வரையுள்ள ஆண்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. அவர்களையே 16 முதல் 26 வரையுள்ள கட்டத்திலும் மறுபடி எண்ணினார்கள். இதை அறியாமல் கூட்டினால், இல்லாத ஒரு மகனைக் குடும்பத்தில் சேர்த்துவிடுவோம். அடுத்து, வீட்டிலுள்ள மூத்த ஆண்தான் தலைவர் என்றோ, சிறுவர் எல்லாரும் அவருடைய பிள்ளைகள் என்றோ கொள்ள ஆதாரம் இல்லை. முதிய தந்தையும் இருந்திருக்கலாம், இறந்த தங்கையின் பிள்ளைகளும் இருந்திருக்கலாம். இதை நிலப் பத்திரமும் உயிலும்தாம் தீர்த்துவைக்கும்.

கேள்வி (மினியாபொலிஸ்): 1850க்குப் பிறகு எல்லார் பெயரும் கிடைக்கிறது என்கிறார்கள். எங்கள் குடும்பம் எந்த வழியாக மினசோட்டா வந்தது என்பதையும் அதிலிருந்து சொல்ல முடியுமா?

பதில்: 1850இல்தான் முதன்முதலாகச் சுதந்திர மக்கள் அனைவரின் பெயரும், வயதும், பிறந்த மாநிலமும் எழுதப்பட்டன. எனக்கு இந்த ஏடுகளில் மிகவும் பிடித்தது அந்தப் பிறப்பிடப் பத்திதான். மூத்த பிள்ளை 14 வயது, பிறந்தது ஓஹையோ. அடுத்தது 11, இண்டியானா. அதற்கடுத்தது 8, அதுவும் இண்டியானா. கடைக்குட்டி 3, ஐயோவா என்று இருந்தால், குடும்பம் எந்தெந்த ஆண்டுகளுக்கு இடையில் எங்கே இருந்தது என்பதை அந்த ஒரு பக்கமே சொல்லிவிடுகிறது. உடனே அந்தந்த மாநிலத்தின் நிலப் பதிவுகளுக்குப் போகலாம்.

ஆனால் அந்தப் பத்தி முழு வழியையும் சொல்வதில்லை. எழுத்தாளர் லாரா இங்கால்ஸ் வைல்டரின் பெற்றோர் குடும்பம் இதற்கு நல்ல சான்று. மேரி 1865இலும் லாரா 1867இலும் விஸ்கான்சினில் பிறந்தார்கள்; கேரி 1870இல் கேன்சஸில்; கிரேஸ் 1877இல் ஐயோவாவில். 1880இல் குடும்பம், அப்போது இன்னும் மாநிலமாகாத டகோட்டா பிரதேசத்தில் இருந்தது. அந்த ஆண்டு வீட்டிலிருந்த நான்கு மகள்களின் பிறப்பிடங்களை மட்டும் கோத்துப் பார்த்தால் விஸ்கான்சின், கேன்சஸ், ஐயோவா, டகோட்டா என்ற வழி கிடைக்கும். உண்மையில் அவர்கள் கேன்சஸிலிருந்து விஸ்கான்சினுக்கே திரும்பிப் போய், அங்கிருந்து மினசோட்டாவுக்கு வந்து, அதன் பிறகே ஐயோவா சென்றார்கள். பின்னர் மறுபடியும் மினசோட்டா. அங்கே 1875இல் பிறந்த மகன் ஒன்பதே மாதங்களில் இறந்துவிட்டதால் இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடையில் விழுந்துவிட்டான்; மினசோட்டாவைச் சொல்லக்கூடிய ஒரே பிள்ளையும் அவனே. எனவே இரு பிள்ளைகளுக்கு நடுவே நான்கைந்து ஆண்டு இடைவெளி தெரிந்தால், அங்கே ஒரு குழந்தையும் ஓர் ஊரும் விடுபட்டிருக்கக்கூடும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 1850, 1860, 1870 ஏடுகளில் உறவுமுறை எழுதப்படவில்லை. தலைவருக்கு அடுத்த வரியிலுள்ள பெண் இரண்டாம் மனைவியாகவோ உடன்பிறந்தவளாகவோ இருக்கலாம். தலைவருக்கு என்ன உறவு என்பதும், ஒவ்வொருவரின் பெற்றோர் பிறந்த இடமும் 1880இலிருந்து கிடைக்கின்றன.

கேள்வி (டெஸ் மொய்ன், ஐயோவா): ஒரே பெண்மணிக்கு 1850இல் 28, 1860இல் 35, 1870இல் 46 வயது. பிறந்த மாநிலமும் ஒருமுறை மிஷிகன், ஒருமுறை ஐயோவா. இவர் ஒருவர்தானா?

பதில்: ஒருவராகவே இருக்கலாம். 1860இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆபிரகாம் லிங்கனின் வீட்டைப் பதிந்த ஏட்டைப் பாருங்கள். லிங்கனின் வயது 51 என்பது சரி. மூன்று மகன்களின் வயதும் சரி. மனைவி மேரியின் வயது மட்டும் 35 என்றிருக்கிறது. அவர் 1818 டிசம்பரில் பிறந்தவர், அப்போது 41. அந்த ஆண்டே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் வீட்டிலேயே ஆறு ஆண்டு பிசகு என்றால், குடியானவர் வீட்டு வயதில் நான்கைந்து ஆண்டு கூடுவதும் குறைவதும் இயல்பு. விவரம் சொன்னவர் வீட்டுக்காரரா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதும் தெரியாது. சொன்னவரை ஏட்டில் அடையாளமிடும் வழக்கம் 1940இல்தான் வந்தது.

பிறப்பிடக் குழப்பத்துக்கு எல்லைகள் மாறியதும் காரணமாகலாம். இன்றைய ஐயோவா நிலம் 1834இல் மிஷிகன் பிரதேசத்தோடு சேர்க்கப்பட்டது, 1836இல் விஸ்கான்சின் பிரதேசம், 1838இல் ஐயோவா பிரதேசம், 1846இல் மாநிலம். 1835இல் டுபியூக்கில் பிறந்த குழந்தைக்கு இம்மூன்றில் எதை எழுதியிருந்தாலும் அது பொய்யில்லை. மேற்கு வர்ஜீனியா 1863இல் பிரிந்ததையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (சிகாகோ): பெயர்ச்சுட்டியில் எங்கள் குடும்பப்பெயரே இல்லை. அந்த ஆண்டு விடுபட்டுவிட்டார்கள் என்று கொள்ளலாமா?

பதில்: அவ்வளவு விரைவில் கொள்ள வேண்டாம். பழைய கையெழுத்தைப் பின்னாளில் யாரோ படித்துச் சுட்டி தயாரித்தார்கள்; அதற்கு முன்பே கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒலியை வைத்துப் பெயர்களைத் தொகுக்கும் சவுண்டெக்ஸ் முறையில் ஸ்மித், ஷ்மிட் இரண்டுக்கும் எஸ்-530 என்ற ஒரே குறியீடுதான். ஆனால் முதலெழுத்தே மாறிப்போனால் அம்முறையும் கைவிட்டுவிடும். அப்போது குடும்பப்பெயரை விட்டுவிட்டு, பிள்ளையின் முதற்பெயர், வயது, பிறந்த மாநிலம், கவுண்டி ஆகியவற்றைக் கொண்டு தேடுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால், முந்தைய கணக்கெடுப்பில் பக்கத்து வீடுகளில் இருந்தவர்களைத் தேடுங்கள். முன்னோடிக் குடும்பங்கள் பெரும்பாலும் தனியே புறப்படவில்லை; மைத்துனர், சம்பந்தி, ஒரே தேவாலயத்தார் என்று கூட்டமாகவே போனார்கள். அயலார் புதிய ஊரில் கிடைத்தால், அந்த டவுன்ஷிப்பின் பக்கங்களைச் சுட்டியின்றி முதல் வரி முதல் கடைசி வரி வரை படியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைப் போலப் பலன் தரும் வேலை வேறில்லை.

கேள்வி (விச்சிட்டா, கேன்சஸ்): 1880இல் நெப்ராஸ்காவில் இருந்தவர்கள் 1900இல் கேன்சஸில் இருக்கிறார்கள். இடையில் 1890 ஏடு எங்கே?

பதில்: 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வர்த்தகத் துறைக் கட்டடத்தில் பற்றிய தீயில் 1890 ஏடுகள் பெரும் சேதமடைந்தன, எஞ்சியவற்றையும் பின்னர் அரசே அழித்துவிட்டது. ஏறத்தாழ ஆறாயிரம் பெயர்கள் மட்டுமே இன்று உள்ளன. உங்களுக்கு ஆறுதல் தரும் செய்தி, 1885இல் நெப்ராஸ்காவும் கேன்சஸும் தனித்தனியே கணக்கெடுப்பு நடத்தின. கேன்சஸ் 1895இலும் நடத்தியது. கேன்சஸ் ஏட்டில் எந்த மாநிலத்திலிருந்து வந்தார்கள் என்ற பத்தி உண்டு. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் 1890இல் எடுத்த தனிப் பட்டியலில், ஆங்கில அகரவரிசையில் கென்டக்கியின் பாதி முதல் வயோமிங் வரையுள்ளவை தப்பின. நெப்ராஸ்கா அதில் அடங்கும், கேன்சஸ் அடங்காது.

1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் பெற்றவர் என்றால் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள அவருடைய கோப்பைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டதை மெய்ப்பிக்க அவர் கொடுத்த வாக்குமூலத்தில் வீட்டின் அளவு, உழுத நிலம், குடும்பத்தில் எத்தனை பேர் என்பவை இருக்கும். சாட்சி சொன்ன அயலாரின் பெயர்களும் இருக்கும்.

கேள்வி (அட்லான்டா): என் மனைவி கறுப்பினத்தவர். அவருடைய முன்னோர் 1880இல் கேன்சஸின் நிக்கோடிமஸில் இருந்தார்கள். 1870க்கு முன்னால் ஒன்றும் கிடைக்கவில்லை.

பதில்: நிக்கோடிமஸ் 1877இல் கறுப்பினக் குடியேறிகளே நிறுவிய ஊர், உங்கள் மனைவியின் முன்னோரும் முழுப் பொருளில் முன்னோடிகளே. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் அனைவரும் பெயரோடு பதிவானது முதன்முதலாக 1870இல்தான். 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழ் வயதும் பாலினமும் நிறமும் மட்டும் உள்ளன. அங்கே பெயர் இல்லாதது அந்நாட்டின் பெரும் அநீதி. எனவே 1870இல் அவர்கள் இருந்த கவுண்டியைக் கண்டுபிடித்து, விடுதலை பெற்றவர்களுக்காக அதே காலத்தில் இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடுகளையும், அவர்களுக்கான அரசு அமைப்பான ஃப்ரீட்மன்ஸ் பியூரோவின் திருமண, கூலி ஒப்பந்தப் பதிவுகளையும் பாருங்கள். வங்கிப் பதிவேட்டில் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்கள் கிடைப்பதுண்டு. முன்னாள் உரிமையாளர் பெயரும் சிலவற்றில் உண்டு. அந்தப் பெயர் கிடைத்தால் அவர் குடும்பத்தின் உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் உங்கள் மனைவியின் முன்னோர் பெயரோடு வரக்கூடும். 1860க்கு முன்பே சுதந்திரமாக இருந்த கறுப்பினத்தவர் பொது ஏட்டிலேயே இருப்பார்கள். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (சென்னை): இந்தியக் கணக்கெடுப்பில் இப்படித் தாத்தாவைத் தேட முடியுமா?

பதில்: முடியாது. 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் பதிவுகள் எவர் பார்வைக்கும் உரியவை அல்ல. நம் ஊரில் நிலப் பதிவேடுகளும் கோயில், தேவாலயப் பதிவுகளும்தாம் வழி.

கேள்வி (போர்ட்லேண்ட், ஆரிகன்): ஆண்கள் வழி ஆறு தலைமுறை கிடைத்துவிட்டது. பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எங்கே தேடுவது?

பதில்: ஆரிகனில் தொடங்குவது உங்கள் நல்வாய்ப்பு. 1850ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டம், அந்த ஆண்டு டிசம்பருக்கு முன் குடியேறிய தம்பதிக்கு 640 ஏக்கர் கொடுத்தது; அதில் பாதி மனைவிக்கே சொந்தம். அதனால் திருமணம் எங்கே, எப்போது நடந்தது என்பதை அந்தக் கோப்புகளில் எழுதினார்கள். இடமும் நாளும் தெரிந்தால் அந்தக் கவுண்டியின் திருமணப் பதிவேட்டில் மணப்பெண்ணின் பெயரைப் பார்க்கலாம். வீட்டில் வேறு குடும்பப்பெயருடைய முதியவரோ இளைஞரோ தங்கியிருந்தால், அவர் மனைவியின் தந்தையா, தம்பியா என்று விசாரியுங்கள். 1900 ஏட்டில் ஒவ்வொரு தாயும் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்று கேட்டார்கள். உங்கள் பட்டியலில் உள்ளதைவிடப் பெற்ற எண்ணிக்கை கூடுதலாக இருந்தால், 1850 முதல் 1880 வரை கணக்கெடுப்புக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இறந்தோரைத் தனியே எழுதிய இறப்புப் பட்டியல்களைப் பாருங்கள். குடும்பத்தின் ஏதேனும் ஒரு கிளை ஐயோவாவில் தங்கிவிட்டிருந்தால் அங்கே 1925இல் மாநிலம் எடுத்த கணக்கெடுப்பை முதலில் திறங்கள். அதில் ஒவ்வொருவரின் தாயின் பெயரும் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயரோடு கேட்டு எழுதப்பட்டிருக்கிறது.