இரண்டு வரியில் முடிந்துபோன ஆட்டக்காரர்கள்

கேள்வி: முதல் உலகப் போரில் இறந்த ஆங்கில அமெச்சூர் கிரிக்கெட் ஆட்டக்காரர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதி வருகிறேன். கிரிக்கெட் தளங்களில் பிறப்பு, இறப்பு, சில ரன்கள், அவ்வளவுதான் கிடைக்கிறது. மீதி வாழ்க்கையை எங்கே தேடுவது?

பதில்: கிரிக்கெட்டைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குங்கள். அன்றைய இங்கிலாந்தில் அமெச்சூர் என்றால் சுமாராக ஆடுபவர் இல்லை. ஆடுவதற்குக் காசு வாங்காதவர். 1962 வரை இந்தப் பிரிவினை இருந்தது. அமெச்சூர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள், பெரிய பள்ளிகளில் படித்தவர்கள், போர் வந்ததும் அதிகாரிகளாகப் போனவர்கள். அதனால் அவர்களைப் பற்றிய காகிதமெல்லாம் பள்ளியிலும் ராணுவத்திலும்தான் சேர்ந்து கிடக்கிறது.

ஏ.இ.ஜே. காலின்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல்தர ஆட்டம், அதாவது உயர்மட்டப் போட்டி, ஒன்றுகூட ஆடியதில்லை. 1885இல் நம்மூர் ஹசாரிபாகில் பிறந்தவர். அப்பா இந்திய சிவில் சர்வீஸ்காரர். 1899 ஜூனில், 13 வயதில், பிரிஸ்டலில் உள்ள கிளிஃப்டன் கல்லூரி என்ற பள்ளியின் விடுதிகளுக்கு இடையே நடந்த ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 628 ரன் குவித்தார். 2016இல் கல்யாணில் பிரணவ் தனவடே 1009 அடிக்கும்வரை அதை யாரும் தாண்டவில்லை. (ஸ்கோர் எழுதிய பையனே, இருபது கூடக்குறைய இருக்கலாம் என்றானாம்!) அப்புறம் பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியாளர் படையான ராயல் இன்ஜினியர்ஸில் அதிகாரி. 1914 நவம்பர் 11 அன்று, பெல்ஜியத்தில் நடந்த முதலாம் ஈப்பர் சண்டையில் இறந்தபோது கேப்டன். கல்லறை இல்லை, ஈப்பரில் உள்ள மெனின் கேட் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

இப்படி ஒருவரைத் தேட, முதலில் அவருடைய பள்ளிப் பதிவேடு. பழைய பதிவேடுகள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே கிடைக்கின்றன. பதவி கிடைத்த தேதிக்கு பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட், நினைவிடத்துக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம். இரண்டுக்கும் காசு வேண்டாம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அதிகாரிகளின் கோப்புகள் டபிள்யூஓ (வார் ஆஃபீஸ், அன்றைய போர்த்துறை) 339, 374 வரிசைகளில் இருக்கின்றன. அவற்றைவிட எனக்குப் பிடித்தது டபிள்யூஓ 95. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்பு அது. அந்த வாரம் அவருடைய பிரிவு எங்கே பதுங்குகுழி வெட்டியது என்பதுவரை சிலவற்றில் இருக்கும். உங்கள் ஆள் சாதாரணச் சிப்பாயாக இருந்தால் கொஞ்சம் கஷ்டம்: 1940இல் லண்டன்மீது நடந்த ஜெர்மன் குண்டுவீச்சில் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின.

விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டுமலரின் இரங்கல் குறிப்புகளை மட்டும் அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். கவிஞர் ரூபர்ட் புரூக் வெயில் தாக்கி கிரேக்கத் தீவான லெம்னாஸில் இறந்ததாக 1916 விஸ்டன் சொல்கிறது. உண்மையில் அவர் இறந்தது ஸ்கைராஸ் தீவருகே, கப்பலில், ரத்தத்தில் நஞ்சு ஏறி. பள்ளி அணியில் அவர் எடுத்த 19 விக்கெட்டைச் சொல்லிவிட்டு, கவிஞர் என்பதைக் கடைசியில் ஒரே வரியில் முடித்திருப்பார்கள்!

இன்னொன்று: விக்கிப்பீடியாவில் போர் நாட்குறிப்பை மட்டும் ஆதாரமாகக் காட்டினால் யாராவது கேள்வி கேட்பார்கள். அச்சில் வந்த பள்ளிப் பதிவேட்டையும் கூடவே காட்டிவிடுங்கள்.