மரச்சீனிக்கு பாக்டீரியா பொடி வாங்கலாமா?

கேள்வி: மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கில் உள்ள விஷத்தை நல்ல பாக்டீரியா முறித்துவிடும் என்று சொல்லி ஒரு பொடி விற்கிறார்கள். அரை மணி நேரம் கிழங்கை அதில் ஊறவைத்தால் போதுமாம். நூறு கிராம் 380 ரூபாய். வீட்டில் மாமியாருக்கு மரச்சீனியும் மீன்கறியும் இல்லாமல் ஆகாது. வாங்கலாமா?
- வாசகி, கருங்கல்

பதில்: வேண்டாம் சகோதரி.

பாக்டீரியாவால் அது முடியும் என்பது உண்மைதான். மரச்சீனியில் லினாமரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போதுதான் சயனைடு வெளிப்படும். காங்கோவில் கசப்புக் கிழங்கைத் தோலுரித்து மூன்று நான்கு நாள் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். பாக்டீரியா பெருகி, கிழங்கு கையால் நசுக்கும் அளவுக்கு இளகும். கிழங்கிலேயே உள்ள நொதியும் சில பாக்டீரியாக்களும் லினாமரினைச் சிதைக்க, சயனைடு தண்ணீரிலும் காற்றிலும் போய்விடும். பொடி எதுவும் போடுவதில்லை, அந்த பாக்டீரியா தானாக வருவது. ஆனால் நாள் கணக்கில் ஆகும். ஊறும் நாளைக் குறைத்துக்கொண்ட ஊர்களில் கால் முடங்கும் கோன்சோ நோய் வந்திருக்கிறது. அப்படியிருக்க, அரை மணி நேரத்தில் வேலை முடியும் என்பதை எப்படி நம்புவது?

நம் சந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் சயனைடு குறைந்த, சமையலுக்கான இனங்கள். உள்தோலையும் சேர்த்துக் கனமாகச் சீவுங்கள், விஷம் அங்கேதான் அதிகம். சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய தண்ணீரில், மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அவிப்பதை நான் ஏற்கமாட்டேன். வெந்த பிறகும் கசந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு கிழங்கை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே நீலக் கறுப்புக் கோடு ஓடினால் பறித்து இரண்டு மூன்று நாள் ஆன சரக்கு. அது விஷத்தின் அடையாளம் இல்லை, ஆனாலும் புதுக் கிழங்கின் விலை கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பொடி வாங்கியவர்களுக்கு: பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) உரிம எண் தயாரிப்பாளருக்கானது, ‘விஷம் முறியும்’ என்ற பேச்சுக்குச் சான்று அல்ல. எந்த பாக்டீரியா, எவ்வளவு, மரச்சீனியில் சோதித்த முடிவு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அங்கே தீராவிட்டால் அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.