பழைய டூரிங் வண்டிகள்: உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில்கள்

கடந்த சில வாரங்களில் நம் குழு உறுப்பினர்கள் எனக்கு எழுதிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெடுந்தூரப் பயணத்துக்கான இத்தகைய மோட்டார் சைக்கிள்களை ஓட்டியும் பிரித்துப் பூட்டியும் கற்றவற்றையே சொல்கிறேன். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் நான் சொல்வதோடு மாறுபட்டால் புத்தகத்தையே நம்புங்கள்.

கேள்வி: ஐயா, 1985-ஆம் ஆண்டு ஹோண்டா கோல்ட் விங் ஒன்றை வாங்கியிருக்கிறேன். நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கடைசி ஆறு ஆண்டுகள் உறை போட்டு நிறுத்தப்பட்டிருந்தது. பேட்டரியை மாற்றிப் புதிய பெட்ரோல் ஊற்றினால் ஓட்டத் தொடங்கலாம் அல்லவா?

பதில்: தயவுசெய்து இன்னும் ஸ்டார்ட்டர் பொத்தானைத் தொடாதீர்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் மீட்டரில் உள்ள எண்ணைப் பார்த்தே மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த வயதுள்ள வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் ஓட்டம் இல்லை, நின்ற காலம்தான். ரப்பர் இறுகுகிறது, பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுகிறது, கூலன்ட்டில் உள்ள துருத் தடுப்பான் தீர்ந்துபோகிறது, கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. இவை எல்லாம் வண்டி ஓர் அடி நகராமலேயே நடப்பவை.

முதலில் டைமிங் பெல்ட்டைப் பாருங்கள். 1975 மாடலாக வந்த ஜிஎல்1000 தொடங்கி ஜிஎல்1500 வரை கோல்ட் விங் எஞ்சின்களில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளைச் சுழற்றுவது இரண்டு ரப்பர் பெல்ட்டுகள். பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ, திறந்து நிற்கும் வால்வைப் பிஸ்டன் வந்து முட்டி வளைத்துவிடும், அதன் பிறகு சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் வழியில்லை. முந்தைய உரிமையாளர் மாற்றிய தேதியை எழுத்தில் காட்ட முடியாவிட்டால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு, எஞ்சினை ஒரு முறை கூட ஓட்டிப் பார்க்காமல் இரண்டையும் மாற்றுங்கள். மாற்றிய பின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க்கை ஸ்பானரால் இரண்டு சுற்று கையாலேயே சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தையது. டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதில் ஒரு தெருவைக்கூடத் தாண்டாதீர்கள்.

பிரேக்கில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, லீவரைப் பிடித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி. மூடியைத் திறந்து பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு அடித்தளத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் ஒரு துளையின் பக்கத்தில் ஊசி முனை அளவே உள்ள இன்னொரு துளை இருக்கும். பல வண்டிகளில் அதன் மேல் ஒரு சிறு தகடு வேறு மூடியிருக்கும். லீவரை விட்டதும் மிஞ்சிய அழுத்தம் திரும்பி வருவது அந்தச் சிறு துளை வழியாகத்தான். நின்ற வண்டிகளில் பழுப்பு நிறப் படிவு அதை அடைத்துவிடுகிறது. வண்டியைத் தள்ளிப் பார்க்கும்போது சக்கரம் நன்றாகவே சுற்றும், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பிறகுதான் பிரேக் தானாகப் பிடிக்கத் தொடங்கும். எனக்கே அப்படி ஒரு முறை முன்சக்கரம் பிடித்து, சாலையோரத்தில் நின்று, ஆயிலை வெளியேற்றும் பிளீடர் ஸ்க்ரூவைத் தளர்த்திய பிறகுதான் வண்டி நகர்ந்தது. கிட்டார் கம்பியின் மெல்லிய இழை ஒன்றால் அந்தத் துளையைச் சுத்தம் செய்யலாம். அதன் பிறகு டாட் 4 தரப் பிரேக் ஆயிலைப் புதிதாக நிரப்பி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருங்கள். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவு 155 டிகிரிதான். சுமை ஏற்றிய வண்டியில் மலையிலிருந்து இறங்கும்போது அந்த வேறுபாடு தெரியும். சிலிகான் வகையான டாட் 5-ஐ மட்டும் இதனுடன் ஒருபோதும் கலக்காதீர்கள்.

கேள்வி: நீண்ட பயணத்தில் பேட்டரி இறங்கிவிடுகிறது. இரண்டு பேட்டரி மாற்றியும் பயனில்லை. அடுத்து ஸ்டேட்டரை (மின்சாரம் உண்டாக்கும் சுருளை) மாற்ற வேண்டுமா?

பதில்: மல்டிமீட்டர் சொல்லாமல் எதையும் மாற்றாதீர்கள். முழுதாக ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். எஞ்சினை நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் வைத்துப் பேட்டரி முனைகளிலேயே அளந்தால், பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை வரும். பதின்மூன்றைத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் வரவில்லை. பதினைந்தைத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, உங்கள் பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது.

சார்ஜ் வராவிட்டால் ஸ்டேட்டரைப் பழி சொல்வதற்கு முன், அதிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று மஞ்சள் கம்பிகளின் கனெக்டரைக் கண்டுபிடித்துப் பிரித்துப் பாருங்கள். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் தேன் நிறமாகி, அந்தக் கம்பியின் உறை விறைத்து, நகத்தால் அழுத்தினால் நொறுங்கும். காண்டாக்ட் தளர்ந்து தடை கூடி, அந்தத் தடையே சூடாகி, சூட்டால் இன்னும் தளர்ந்து போனதன் அடையாளம் அது. 1984 முதல் 1987 வரை வந்த கோல்ட் விங் ஜிஎல்1200-இல் இது எல்லோரும் அறிந்த நோய். கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று கம்பிகளையும் நேராகச் சால்டர் செய்து உறையிட்டுவிடுங்கள். அந்த வண்டியில் ஸ்டேட்டர் எஞ்சினின் பின்பக்கத்தில் இருப்பதால் அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். கால் மணி நேரச் சோதனை ஒன்று ஒரு வார வேலையைத் தவிர்க்கும் என்றால் அதை முதலில் செய்வதுதானே முறை? மூன்று கம்பிகளில் இரண்டிரண்டாக அளக்கும்போது ஏசி வோல்ட் சமமாக வந்து, எதுவும் பாடியோடு தொடர்பு காட்டாவிட்டால் உங்கள் ஸ்டேட்டர் நலமாக இருக்கிறது.

பிஎம்டபிள்யூவின் பழைய காற்றுக் குளிர்ச்சி பாக்ஸர் (இருபக்கமும் சிலிண்டர் நீட்டிய) வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் மீட்டருக்குள் எரியும் சிவப்புச் சார்ஜ் விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு மட்டும் இல்லை, ஆல்டர்நேட்டரை எழுப்பும் முதல் மின்சாரம் அதன் வழியாகவே போகிறது. சாவியைத் திருப்பியதும் அது எரியாவிட்டால் சார்ஜ் வராது. பல்பு போனதுதான் காரணம் என்று தெரியாமல் ஆல்டர்நேட்டரின் ரோட்டர் வரைக்கும் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எந்த எஞ்சின் ஆயில் நல்லது?

பதில்: கிளட்ச் ஆயிலில் நனையும் வண்டியென்றால் டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற தரக் குறி இருக்க வேண்டும், இல்லையேல் கார்களுக்கான உராய்வு குறைக்கும் மருந்தினால் கிளட்ச் வழுக்கும். பழைய பாக்ஸர்களிலும் பெரிய மோட்டோ குஸ்ஸிகளிலும் உலர் கிளட்ச் என்பதால் அந்தக் கவலை இல்லை. புத்தகம் சொல்லும் கெட்டித்தன்மையில், குறித்த காலத்தில் மாற்றுங்கள். பிராண்டைப் பற்றிய வாக்குவாதத்தில் பல ஆண்டு நட்பு முறிந்ததை நம் குழுவிலேயே கண்டு வருந்தியிருக்கிறேன், ஆகவே அதற்குள் நான் வர விரும்பவில்லை.

கேள்வி: அண்ணா, என் வண்டியில் முன்பு கேட்ட வால்வு சத்தம் இப்போது கேட்கவே இல்லை. எஞ்சின் நன்றாகப் பதமாகிவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை, தம்பி. சத்தம் இருந்தால் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது என்று பொருள். நீங்களாகச் சரிசெய்யாமல் அது மறைந்துவிட்டது என்றால், வால்வு தன் இருக்கைக்குள் சிறிது சிறிதாக இறங்கி இடைவெளி மூடிக்கொண்டிருக்கக்கூடும். வால்வு முழுதாக மூடும்போதுதான் தன் சூட்டை இருக்கை வழியாக இறக்கி வைக்கிறது. மூடாத எக்ஸாஸ்ட் வால்வுக்குச் சூடு இறங்க வழியின்றி விளிம்பு கருகிவிடும். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில், அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகளால்) அளந்து பாருங்கள். தகடு, இரண்டு காகிதங்களுக்கு நடுவே இழுப்பதுபோல லேசாகப் பிடித்து நழுவ வேண்டும். அளவை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள், ஏனென்றால் ஒரே வால்வு முறைக்கு முறை இறுகிக்கொண்டே வருகிறதா என்பதை எழுதி வைத்த எண்களே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ஆயில் கேஜில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஓட்டலாமா?

பதில்: ஓட்டவும் கூடாது, ஸ்டார்ட் செய்யவும் கூடாது. கார்புரேட்டர் மிதவையின் ஊசி சரியாக மூடாமல், நின்றிருக்கும்போது பெட்ரோல் சிலிண்டருக்குள் கசிகிறது. திரவம் அமுங்காது. நிறைந்த சிலிண்டரில் ஸ்டார்ட்டர் பிஸ்டனைத் தள்ளினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். 1986-இல் வந்த கவாஸாகி ஜிடிஆர்1000 உரிமையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றி உள்ளிருப்பதை வெளியேற்றுங்கள், ஆயிலை மாற்றுங்கள், பிறகு மிதவை ஊசியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கூர்மையான ரப்பர் முனையைச் சுற்றி மோதிரம் போலப் பள்ளம் விழுந்திருந்தால் ஊசியும் அதன் இருக்கையும் மாற்றப்பட வேண்டும். பெட்ரோல் டேப்பும் கசிந்திருந்தால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கும் என்பதால் அதையும் விடாதீர்கள்.

கேள்வி: குழுப் பயணத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். கடைசியில் வரச் சொல்லலாமா?

பதில்: கடைசியில் மட்டும் வைக்காதீர்கள். முன்னால் செல்பவர் ஒரு சிறு வேக மாற்றம் செய்தால் அது வரிசையில் பின்னோக்கிப் போகப் போகப் பெரிதாகி, கடைசி வண்டி எப்போதும் விரட்டிப் பிடிக்க வேண்டியதாகிறது. அந்த இடத்தில் புதியவரை வைத்தால் அவர் தன் திறமையை மீறி வளைவுகளில் நுழைவார். வழிகாட்டும் வண்டிக்கு நேர் பின்னால் அவரை வையுங்கள், வழிகாட்டுபவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தே வேகத்தை வைக்கட்டும். அனுபவமும் கருவிப் பையும் உள்ளவர் கடைசியாக வரட்டும். நேர்ச்சாலையில் இடமும் வலமுமாக மாறி மாறி அமைந்து, முன்னே அதே தடத்தில் செல்பவரிடமிருந்து இரண்டு விநாடி தூரம் விடுங்கள். வளைவுகளில் அந்த அமைப்பைக் கலைத்து ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது. சென்ற மாதம் நின்ற இடத்தில் வண்டி சாய்ந்துவிட்டது, என்னால் தூக்க முடியவில்லை. விற்றுவிடுங்கள் என்கிறார்கள் பிள்ளைகள்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் தூக்கும் முறையைச் சொல்கிறேன். முன்னூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைக் கைகளாலும் இடுப்பாலும் தூக்க முயலக் கூடாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் ஸ்டாண்டை இறக்குங்கள், கியரில் போடுங்கள், ஹேண்டிலை முழுதாகத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, பின்பகுதியைச் சீட்டின் விளிம்பில் பதித்து, ஒரு கையால் ஹேண்டில் பிடியையும் மறு கையால் உறுதியான கம்பி ஒன்றையும் பற்றிக்கொண்டு, சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடங்கள். வேலை முழுவதையும் தொடைகள் செய்யும்.

இதைப் பயிற்சி செய்தும் முடியவில்லை என்றால் இலகுவான வண்டிக்கு மாறுவதில் குறை எதுவும் இல்லை. ஓட்டுவதையே நிறுத்தும் நாள் வந்தாலும் எங்களோடு வருவதை நிறுத்தாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். நம்மில் மூவர் இப்போது காரில் பின்தொடர்ந்து உதிரிப் பாகங்களும் தண்ணீரும் கொண்டுவருகிறார்கள். கார்புரேட்டர்களை ஒரே சீராக்கும் வேலையை அவர்களில் ஒருவரைப் போல இன்று குழுவில் வேறு யாராலும் செய்ய முடியாது. சிலிண்டர்களின் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜை மாட்டுவதற்கு முன்பே எந்தச் சிலிண்டர் பின்தங்குகிறது என்று அவர் காதாலேயே சொல்லிவிடுவார்.

கேள்வி: நம் நண்பர் காலமாகி நான்கு மாதம் ஆகிறது. அவருடைய வண்டியையும் அலமாரி நிறைய உள்ள பாகங்களையும் என்ன செய்வது என்று அவர் துணைவியார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: அவசரம் இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். இப்போதைக்குச் செய்ய வேண்டியது சிறிதுதான்: கார்புரேட்டர் கிண்ணங்களில் உள்ள பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி அடிக்கடி சார்ஜ் ஏற்றி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி வையுங்கள். அவர் விற்க விரும்பும் நாளில், வாங்க விருப்பமுள்ள எவரும் மதிப்புச் சொல்லக் கூடாது. வாங்கப் போகாத இருவர் தனித்தனியாக மதிப்பிட்டு எழுதிக் கொடுக்கட்டும். பாகங்களைப் பிரித்து, எந்த மாடலுக்கு எது என்று சீட்டு ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான் வருகிறேன், இன்னும் இருவரை அழைத்து வருகிறேன்.

அவர் ஒரு நீல நிறக் குறிப்பேடு வைத்திருந்தார், அதைத் தேடிப் பாருங்கள். வால்வு அளவுகள், பெல்ட் மாற்றிய தேதிகள், எந்தப் போல்ட்டின் மரை தேய்ந்திருக்கிறது என்பது வரை அதில் இருக்கும். ஓரங்களில் அன்றைய பயணத்தில் யார் யார் வந்தோம் என்றும் எழுதியிருப்பார். வண்டியோடு போக வேண்டியது அதன் நகல் மட்டுமே. மூலத்தைத் துணைவியாரிடமே கொடுத்துவிடுங்கள்.