சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சினிமா என்றாலே கோடம்பாக்கம்தானே? சேலத்தில் இருந்துகொண்டு ஒரு கம்பெனி எப்படி நூறு படங்களுக்கு மேல் எடுத்தது?

பதில்: டி.ஆர். சுந்தரம் 1935இல் ஏற்காடு அடிவாரச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியபோது கோடம்பாக்கம் இன்னும் சினிமா ஊராகவில்லை. தமிழ்ப் பேசும்படம் எடுக்க பெரும்பாலும் நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் ரயிலேற்றி கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ கூட்டிப்போக வேண்டும். கேமரா முன்னாலேயே பாடி நடித்த காலம் அது. கதாநாயகிக்குத் தொண்டை கட்டினால் வேலை நின்றுவிடும். ஸ்டுடியோ வாடகையும் மொத்தக் கூட்டத்தின் சாப்பாட்டுச் செலவும் நிற்காது.

சுந்தரம் படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, ஃபிலிம் கழுவும் லேப், எடிட்டிங் எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் கொண்டுவந்தார். தொழில்நுட்பக்காரர், தச்சர், பெயிண்டர் எல்லோருக்கும் மாதச் சம்பளம். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் கம்பெனியின் கதை முழுக்கப் புரிந்துவிடும். ஆண்டுக்கு மூன்று படம் எடுத்தால் ஒவ்வொரு படத்தின் தலையிலும் நான்கு மாதச் சம்பளம் விழும். ஒரே படம் என்றால் பன்னிரண்டு மாதச் சம்பளமும் அதன் தலையில்தான். எனவே தளம் ஒரு வாரம்கூடச் சும்மா கிடக்கக் கூடாது. அரண்மனை செட்டின் தூண்களுக்கு வேறு வர்ணம் அடித்தால் அடுத்த படத்துக்குக் கோயில் தயார்.

1937இல் ‘சதி அகல்யா’. மறு ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’. 1950இல் மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’. 1961இல் மலையாளத்தின் முதல் கலர் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’. மொழி எதுவானாலும் வேலையாட்கள் அதே ஆட்கள்.

கேள்வி: 1940இல் வந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். கம்ப்யூட்டர் இல்லாத நாளில் ஒரே ஆளை இரண்டு பேராக எப்படிக் காட்டினார்கள்?

பதில்: ஒருவர் முதுகைக் காட்டி நிற்கும் ஷாட்டுகளுக்கு டூப் போதும். இரண்டு முகமும் தெரிய வேண்டுமென்றால் அக்காலத்தில் கைகொடுத்தது மாஸ்க் முறை. கேமராவை அசையாமல் இறுக்கிப் பொருத்தி, ஸ்டாண்டு கால்களில் மணல்மூட்டை வைப்பார்கள். லென்ஸுக்கு முன்னால் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, நடிகரை மறுபாதியில் நிறுத்தி எடுப்பார்கள். பிறகு லென்ஸை முழுக்க மூடி, ஃபிலிமைத் தொடங்கிய ஃபிரேம்வரை பின்னோக்கிச் சுற்றுவார்கள். உடையை மாற்றிக்கொண்டு நடிகர் வந்ததும் அட்டையை மறுபக்கம் மாற்றி அதே ஃபிலிமில் இரண்டாம் பாதியை எடுப்பார்கள். முதல் பாதியின் வசனத்துக்கு எத்தனை விநாடி ஆனது என்று ஒருவர் எண்ணிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கேள்விக்கு முன்பே பதில் வந்துவிடும்.

கெடுவதற்கு வழிகள் நிறைய. நடிகரின் கை நடுக்கோட்டைத் தாண்டினால் விரல் பாதியில் அறுந்து தெரியும். விளக்கின் மின்சாரம் ஏறி இறங்கினால் ஒரு பாதி வெளிறும். லென்ஸின் துளையை அதிகம் சுருக்கினால் அட்டையின் விளிம்பு கூர்மையாகி நடுவில் கோடு விழும். அதனால்தான் பழைய இரட்டை வேடக் காட்சிகளில் இருவருக்கும் நடுவே ஒரு தூணோ கதவு நிலையோ அடிக்கடி தென்படும். கோடு அதற்குள் ஒளிந்துவிடும்.

கேள்வி: ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தின் பழைய பிரிண்ட் பார்த்தேன். முகமெல்லாம் செங்கல் நிறம். அப்போதே அப்படித்தானா?

பதில்: இல்லை. 1956இல் வந்த அந்தப் படம் தமிழின் முதல் முழுநீளக் கலர் படம்; பெல்ஜியத்தின் கேவர்ட் நிறுவனத்தாரின் கேவாகலர் ஃபிலிமில் எடுத்தது. அந்த வகைப் பிரிண்டில் மஞ்சள், மெஜந்தா, நீலப்பச்சை என மூன்று சாயங்கள் உண்டு. வெப்பத்தில் முதலில் வெளுப்பது பெரும்பாலும் நீலப்பச்சை. மிஞ்சிய இரண்டும் சேர்ந்து படத்தைச் சிவப்பாக்குகின்றன. நெகட்டிவ் நன்றாக இருந்தால் அதிலிருந்து ஸ்கேன் செய்து நிறத்தை மீட்கலாம். சாயமே போன பிரிண்டில் பாதிதான் மீளும்.

கேள்வி: இவ்வளவு பெரிய கம்பெனி ஏன் விழுந்தது? ஜெய்சங்கரை வைத்து எடுத்த துப்பறியும் படங்கள்தான் பெயரைக் கெடுத்தன என்கிறார்களே?

பதில்: அந்தப் பழியை ஏற்க முடியாது. 1963இல் சுந்தரம் இறந்தார். மகன் ராமசுந்தரம் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) போன்றவை சிக்கனமாக எடுத்து விரைவாக முடிக்கத் தோதான படங்கள். தளத்துக்கு வேலை கொடுத்தவை அவைதான்.

மாறியது வெளியே. நட்சத்திரங்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு கால்ஷீட் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். வடபழனியில் காலை, சாலிகிராமத்தில் மாலை என்றால் முடியும். 340 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேலத்துக்கு மொத்தமாகத் தேதி கொடுத்தால்தான் உண்டு. அடுத்து கலர். கருப்பு-வெள்ளை லேப் இருந்தால் போதாது. புதிய மெஷின், புதிய ரசாயனம் வேண்டும். ஃபிலிம் கழுவும் டெவலப்பர் திரவத்தின் சூடு அரை டிகிரி நகர்ந்தாலே நிறம் மாறும். தினமும் ஃபிலிம் ஓடினால்தான் அந்த லேப் கட்டுப்படியாகும். பிறகு கேமரா எடை குறைந்து அவுட்டோர் பெருகியது. ஏற்காட்டையே நேரில் எடுக்க முடியும்போது தளத்தில் எதற்கு மலை?

சென்னை ஸ்டுடியோக்கள் காலித் தளத்தை அடுத்த கம்பெனிக்கு வாடகைக்கு விட்டன. சேலத்துக்கு யார் வருவார்கள்? கோவையின் சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டுடியோக்களையும் இதே தூரம்தான் அழுத்தியது. சென்னையிலேயே இருந்த ஜெமினி ஸ்டுடியோவும் 1969இல் அதன் அதிபர் எஸ்.எஸ். வாசன் மறைந்தபின் தேய்ந்தது என்பதால் ஊரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முதலாளி, தயாரிப்பாளர், இயக்குநர் மூன்றும் ஒரே ஆளாக இருந்த இடத்தை நிரப்புவது கடினம். ஆண்டுக்கு மூன்று படம் ஒன்றாகக் குறைந்ததும் பன்னிரண்டு மாதச் சம்பளக் கணக்கு வந்து கழுத்தைப் பிடித்தது. இன்று ஏற்காடு சாலையில் அந்தப் பெயரைச் சொல்ல நிற்பது நுழைவு வளைவுதான்.

கேள்வி: மூடிப்போன டூரிங் டாக்கீஸில் பழைய ரீல் பெட்டிகள் கிடைத்துள்ளன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் புரொஜெக்டரில் மாட்டாதீர்கள். சுருங்கிய ஃபிலிமின் ஓரத் துளைகள் கிழிந்துவிடும். ஃபிலிம் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம் என்றே வைத்துக்கொண்டு, பீடி, விளக்கு, வெயில் எதுவும் அண்டவிடாதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் ரீல்களைத் தனியே பிரியுங்கள். அந்த ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டாமல், காற்றோட்டமுள்ள, ஈரமில்லாத, குளிர்ந்த அறையில் படுக்கைவாட்டில் வையுங்கள். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் படப்பெயரும் ரீல் எண்ணும் இருந்தால் போட்டோ எடுத்து, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். ஒற்றை ரீல்தானே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறு பிரதியில் இல்லாத பாட்டு அதில் இருக்கலாம்.